முற்றத்தில் ஒரு பிறந்தநாள்: களுவாஞ்சிக்குடியில் தீம் சோடனைத் தொழில்

பிறந்தநாளுக்குத் தீம் வைப்பதென்றால் அழைப்பு, சோடனை, கேக், விளையாட்டு, கைப்பரிசு எல்லாவற்றையும் ஒரே கருவில் கோப்பது. களுவாஞ்சிக்குடியில் இது பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து ஏ4 வீதியில் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றரில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிய நிலத்தில் இருக்கும் ஊர் இது. வீட்டைச் சுற்றி வளவு, வளவில் தென்னை, முன்னால் மணல் முற்றம். மண்டபம் எடுப்பது கல்யாணத்துக்கும் சாமத்தியத்துக்கும்தான்.

பிறந்தநாள் இரண்டு பாதியாக நடக்கும். காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டிப் புத்துடுப்புப் போட்டு, பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் கோயிலில் அர்ச்சனை. அந்தப் பாதியை அம்மம்மா பார்த்துக்கொள்வார். மாலைப் பாதிக்குத்தான் சோடனைக்காரர் தேவைப்படுகிறார். முன்பு அதற்கும் ஆள் வேண்டியிருக்கவில்லை. விறாந்தைக்குக் குறுக்கே முறுக்கிக் கட்டிய கிறேப் கடதாசி, நாலு மூலைக்கும் பலூன், மூன்று நிறத்தில் அடுக்கிய ரிபன் கேக், ஒரு கிளாஸ் நெக்டோ. அவ்வளவோடு விழா முடிந்துவிடும். செய்மதித் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்த பிறகுதான் தீம் என்ற பேச்சு எழுந்தது. 2007இல் சுட்டி டிவி தொடங்கி டோராவைத் தமிழில் பேசவைத்தது. 2008இல் ஹைதராபாத்தில் சோட்டா பீம் பிறந்தான். 2013இல் ‘ஃப்ரோஸன்’ படம் வந்து பெண்பிள்ளைகளின் சட்டையை நீலமாக்கியது. இப்போது தாய்மார் கைப்பேசியில் படம் பார்த்துவைத்துக்கொண்டு, ‘இதே மாதிரி வேணும்’ என்று காட்டுகிறார்கள்.

அந்தப் படத்தில் தெரிவது ஒரு சுவர் மட்டுமே. அச்சடித்த பதாகை, அதைச் சுற்றிப் பலூன் வளைவு, முன்னால் கேக் மேசை. பிள்ளைகள் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பது படம் எடுக்கும் பத்து நிமிடந்தான். மிச்ச இரண்டு மணித்தியாலமும் முற்றத்தில் கழிகிறது. தொழிலில் பழகியவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் முற்றத்தைப் பார்ப்பது அதனால்தான். ஓட எவ்வளவு இடம் உண்டு, நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, கிணற்றுக்கு மூடி உண்டா, நாய் கட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவரை அளப்பார்.

நாள் குறிப்பது லேசான வேலை இல்லை. ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு, மற்ற நேரத்தில் ரியூசன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையென்றால் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை எந்த நாளும் சரிவராது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து திருக்குளிர்த்தி முடியும்வரை மச்சம் சமைக்காத வீடுகள் அதிகம். கோழி ரோல் இல்லாத பிறந்தநாளைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், மாமாமார் பொறுக்கமாட்டார்கள். போயா நாளில் விடுமுறை கிடைக்கும், ஆனால் இறைச்சிக்கடை பூட்டியிருக்கும். கோழியை முதல்நாளே வாங்கிவைக்கவேண்டும். கார்த்திகை, மார்கழி மழையில் முற்றத்தை நம்ப முடியாது. அந்த மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு விறாந்தையும் வீட்டின் உள்மண்டபமும்தான் களம், விளையாட்டையும் அதற்கேற்பச் சுருக்கவேண்டும். டிசம்பர் 26 தனி. 2004இல் கடல் வந்துபோன நாள் அது. இந்தக் கரையோரத்தில் அன்று பலூன் கட்டுவதற்கு மனம் வராது. அன்று பிறந்த பிள்ளைக்கு நட்சத்திர நாளையோ அடுத்த வார இறுதியையோ பார்ப்பதே நல்லது.

நேரத்தைத் தீர்மானிப்பதில் வெளிநாட்டுக்கும் பங்குண்டு. தகப்பன் கட்டாரில், பெரியப்பா லண்டனில், சின்னம்மா கனடாவில் என்றிருக்கும் குடும்பங்களில் கேக் வெட்டுவது கைப்பேசித் திரைக்கு முன்னால்தான். இங்கே மாலை ஆறு மணியென்றால் டோஹாவில் பிற்பகல் மூன்றரை. கோடை காலத்தில் லண்டனில் ஒன்றரை, ரொறொன்ரோவில் காலை எட்டரை. கட்டாரில் வெள்ளி வார விடுமுறை என்பதால், தகப்பன் அங்கிருக்கும் பிள்ளைக்கு வெள்ளி மாலையே வசதி. ஆனால் வெள்ளி மரக்கறி நாள். இரண்டையும் ஒப்பிட்டால் மரக்கறி ரோலோடு வெள்ளியை எடுப்பதே சரி. கைப்பேசியைத் தாங்கியில் பொருத்திக் கேக்குக்கு எதிரே வைக்கவேண்டும். ஆள் கையில் பிடித்தால் தகப்பன் பார்ப்பது பாதி நேரம் கூரையைத்தான்.

ஆட்கணக்கு இந்த ஊரில் ஒரு தனிக் கணக்கு. மட்டக்களப்பு வழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. அக்கா தங்கச்சிமார் ஒரே வளவில் அல்லது பக்கத்துப் பக்கத்து வளவில் இருப்பார்கள். பெரியம்மா பிள்ளைகள், சின்னம்மா பிள்ளைகள் என்று அழைப்பே இல்லாமல் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். அதற்கு மேல்தான் தகப்பன் வழி மச்சான் மச்சாள்மாரும் பள்ளிக்கூடக் கூட்டாளிமாரும். இரண்டு வயதுக் குழந்தையும் பதின்மூன்று வயதுப் பையனும் ஒரே முற்றத்தில் நிற்பதால், நகரத்து வழிகாட்டிகள் சொல்வதுபோல ஒரே வயதுக்கு விளையாட்டு ஒழுங்குசெய்ய வழியில்லை. பெரிய பிள்ளைகளுக்கு வேலை கொடுத்துவிடுவதே தீர்வு. ஒருவர் நடுவர், ஒருவர் பாட்டு, ஒருவர் புள்ளி எழுதுபவர். பொறுப்புக் கொடுத்த பையன் சின்னவர்களின் பலூனை உடைக்கமாட்டான்.

முதலாவது பிறந்தநாள் உண்மையில் பெரியவர்களின் விழா. அதில் தீமைத் தாய்தகப்பன் விருப்பப்படி விட்டுவிடலாம். குழந்தையின் நித்திரை நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது. மூன்று வயதுக்கு மேல் பிள்ளையிடமே கேட்கவேண்டும். ‘என்ன தீம் வேணும்?’ என்று கேட்டால் கடைசியாகப் பார்த்த கார்ட்டூனின் பெயர்தான் வரும். என்ன விளையாடுகிறது, எதை வரைகிறது, எதைக் கண்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறது என்று இரண்டு நாள் கவனித்தால் வேறொன்று வெளிப்படும். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடும் பிள்ளைக்கு ஸ்பைடர்மேன் பதாகை எதற்கு?

கார்ட்டூன் தீமைக் குறைசொல்லத் தேவையில்லை. அச்சுக்கடையில் படம் உண்டு, கல்முனைக் கடைகளில் தொப்பியும் முகமூடியும் உண்டு, வேலை சீக்கிரம் முடியும். ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டில் கட்டிய அதே பதாகை இந்த வீட்டிலும் நிற்கும். ஊரிலிருந்து எடுக்கும் தீமுக்குச் செலவு குறைவு, விளையாட்டு அதிகம்.

அவற்றில் முதலாவது வாவி. நீலத் துணியை முற்றத்தில் விரித்தால் தண்ணீர். பச்சைக் கடதாசியில் கண்ணாப்பற்றை, பெட்டி மட்டையில் தோணி, பிறிஸ்டல் போட்டில் வெட்டிய மீன், நண்டு, இறால். ஒவ்வொரு மீனின் வாயிலும் ஒரு பேப்பர் கிளிப். ஈர்க்கிலோ மூங்கிலிலோ நூல் கட்டி, அதன் நுனியில் பழுதான வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத் துண்டு. இந்தத் தூண்டிலோடு ஐந்து வயதுப் பிள்ளை அரை மணித்தியாலம் நகராமல் உட்கார்ந்திருக்கும். காந்தம் பெரிய துண்டாக இருக்கவேண்டும்; விழுங்கக்கூடிய குட்டிக் காந்தங்கள் குடலில் ஒன்றையொன்று இழுத்துப் புண்ணாக்கும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே வாவியில் ஆட்களை ஏற்றி ஓடும் ‘பாதை’ என்ற மிதவையை முற்றத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு மூலை குருமண்வெளி, மறு மூலை மண்டூர். பழைய பாயையோ தடித்த மட்டையையோ கயிறு கட்டி மணலில் இழுக்கவேண்டும். ஒரு தடவைக்கு மூன்று பேர்தான் ஏறலாம், கால் மணலில் பட்டால் இறங்கி மறுபடி வரிசைக்குப் போகவேண்டும். எந்தக் கூட்டம் முதலில் முழுவதும் கரையேறுகிறதோ அது வென்றது. சீமெந்துத் தரையில் இது சரிவராது, மணல் முற்றத்துக்கென்றே அமைந்த விளையாட்டு.

பாடும் மீனையும் சேர்க்கலாம். கல்லடிப் பாலத்தடியில் நிலவு இரவுகளில் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். அமெரிக்க இயேசு சபைக் குரு லாங் அடிகள் 1950களில் அந்த ஒலியைப் பதிவுசெய்தார். பாடுவது மீனா, ஊரியா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. விழாவில் ஒரு பெரிய வாளித் தண்ணீரும் முழ நீளப் பிளாஸ்திக் குழாயும் போதும். கண்ணைக் கட்டிய பிள்ளை குழாயில் காதை வைத்திருக்க, இன்னொருவர் தண்ணீருக்குள் கரண்டி, கல், சிரட்டை, நாணயம் என்று ஒவ்வொன்றாகத் தட்டவேண்டும். எது தட்டியது என்று சரியாகச் சொன்னால் ஒரு மீன் வில்லை சட்டையில் ஏறும். இதற்கு முற்றம் முழுவதும் அடங்கி அமைதியாக இருந்தால்தான் ஒலி கேட்கும். இருபது பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருத்த இதைவிட நல்ல வழி இந்தத் தொழிலில் இல்லை.

இரண்டாவது வட்டை என்னும் வயல்வெளி. பெரும்போக அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் படுவான்கரையில் வைக்கோல் தாராளம். இரண்டு கூட்டம், இரண்டு தடி, பழைய சட்டைகள், ஒரு கட்டு வைக்கோல், உடைந்த சட்டி. கால் மணித்தியாலத்தில் வெருளி கட்டவேண்டும். சோடனையும் விளையாட்டும் ஒன்றாகிவிடும் அரிய இடம் இது; கட்டி முடித்த வெருளிகளே கேக் மேசைக்கு இரு பக்கமும் நிற்கும். பரணுக்கு மேசையின் மேல் கிடுகு சாத்தினால் போதும். வட்டையென்றதும் யானை நினைவுக்கு வரும். இங்கே ஒரு எச்சரிக்கை. யானை வந்து வீடுடைக்கும் படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அது பொம்மை இல்லை. ‘யானை வருது’ என்று கத்தி ஒளியும் விளையாட்டை அவர்கள் இருக்கும் முற்றத்தில் வைக்கக்கூடாது.

கூத்துத் தீமுக்கு மட்டையும் பொன்னிறக் கடதாசியும் போதும். வடமோடி அரசரின் கரப்புடுப்பை அப்படியே செய்ய முயல்வது வீண். அந்தப் பாரத்தைப் பிள்ளை தாங்காது. ஆளுக்கொரு முடி செய்து அதில் தன் பெயரை எழுதி அணிந்துகொள்ள விட்டால், வந்த பிள்ளைகள் எல்லோரும் வாசலிலேயே விழாவுக்குள் வந்துவிடுவார்கள். மிருகக் கதைகளில் விருப்பமுள்ள வீட்டில் பேராசிரியர் சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ போன்ற சிறுவர் நாடகங்களை நினைத்துத் தீம் அமைக்கலாம். பள்ளிக்கூட மேடையில் ஆடிப் பழகிய பிள்ளை ஒன்றிரண்டு எப்படியும் கூட்டத்தில் இருக்கும்.

சோடனைப் பொருளில் சட்டம் தலையிட்டிருக்கிறது. 2017 செப்டெம்பரில் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளும் தட்டுகளும் கோப்பைகளும் தடைசெய்யப்பட்டன. விழாக்களைப் பொலித்தீனால் சோடிப்பதும் அப்போதே தடையானது. 2021 மார்ச் இறுதியில் காற்றடைத்த விளையாட்டுப் பொருட்களுக்குத் தடை வந்தபோது பலூனுக்கும் பந்துக்கும் விலக்குக் கொடுத்தார்கள். தொழிலே அந்த விலக்கில்தான் பிழைத்தது. 2023 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்திக் ஸ்ட்ரோ, தட்டு, கோப்பை, கரண்டி, கத்தி, பூமாலை ஆகியவையும் போயின. இழப்பென்று சொல்ல எதுவுமில்லை. குருத்தோலையில் தோரணம் பின்னத் தெரிந்த ஊரில் பிளாஸ்திக் மாலை எந்தக் காலத்திலும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஓலைக் கிளி, ஓலை மீன், ஓலைப் பந்து எல்லாம் அம்மப்பாமார் கையில் இருக்கும் வித்தை. அவர்களை முதல்நாளே விறாந்தையில் இருத்திவிடவேண்டும். அன்று வெட்டிய குருத்து மறுநாள் மாலைவரை நிறம் வாடாது.

பலூனின் பகை வெயிலும் காற்றும். இறப்பர் பலூன் வெயில் பட்டவுடன் மினுக்கம் இழந்து பால்படிந்ததுபோல் ஆகும். உள்ளே காற்று விரிந்து வெடிக்கும், கடும் நிறங்கள் முதலில் போகும். பத்து அங்குலப் பலூனை ஒன்பதில் நிறுத்துவது அதனால்தான். பத்தடி வளைவுக்குப் பெரிதும் சிறிதுமாக நூறு பலூனுக்குக் குறையாமல் வேண்டும். முதல்நாள் இரவே ஊதி அறைக்குள் வைத்து, வெயில் தாழ்ந்தபின் வெளியே எடுப்பது வழக்கம். கடலிலிருந்து பிற்பகலில் காற்று எழும்பும். ஆனி, ஆடியில் தரைப்பக்கமிருந்து வரும் கச்சான் அதைவிட மோசம். சூடும் உண்டு, மணலும் வரும். அந்த மாதங்களில் வளைவை வீட்டின் கிழக்குச் சுவரோடு, தரையில் நட்ட கம்பில் கட்டவேண்டும். பதாகைக்கு மேலும் கீழும் தடி கோத்தால் தோணிப் பாய் மாதிரிப் புடைக்காது.

ஹைட்ரஜன் நிரப்பிய பலூனை வீட்டுக்குள் விடவே கூடாது. ஒரு மெழுகுதிரி போதும் தீப்பிடிக்க. நுரை தெளிக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான், அதை உந்தும் வாயு எரியக்கூடியது. கேக்கில் சுடர் நிற்கும்போது அதை அடிப்பது இளைஞர்களுக்கு வேடிக்கை, பிள்ளையின் முகத்துக்கு ஆபத்து. வெடித்த பலூன் துண்டு சின்னப் பிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறித்து அந்த எச்சரிக்கையைப் பலூன் பொதியிலேயே அச்சிடவேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பலூன் உடைக்கும் விளையாட்டை இந்த ஊரில் எல்லோரும் கேட்பார்கள், கைக்குழந்தை தவழும் முற்றத்தில் அதை மறுப்பதே முறை.

கேக்கின் சோதனை வெப்பம். வெண்ணெய் 32 பாகை செல்சியஸுக்கு மேல் உருகத் தொடங்கும், பங்குனிக்குப் பின் மாலை நேரத்து விறாந்தையும் அந்தச் சூட்டில்தான் இருக்கும். வெறும் பட்டர் ஐசிங் ரோசாப்பூ கேக் வெட்டமுன் வழிந்துவிடும். மாஜரினோ தாவரக் கொழுப்போ கலந்து அடிப்பது அதற்காக. வழுவழுப்பான ஃபொண்டன்ட் உறை சூட்டைத் தாங்கும். ஆனால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் வேர்த்து, சாயம் கசியும். தீம் உருவங்களைக் கேக்கில் சுமத்தாமல், மட்டையில் வெட்டித் தடியில் குத்தி வைத்தால் இந்தத் தொல்லை குறையும். கேக் வரும் வாகனமும் கணக்கில் உண்டு. இரண்டு தட்டுக் கேக்கை ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவருவதைவிட, தட்டுகளைத் தனித்தனியே கொண்டுவந்து வீட்டில் அடுக்குவது நல்லது.

மேசையில் கோழி ரோல், பற்றீஸ், கட்லெட், பீற்றூட்டும் கரட்டும் வைத்த மூவண்ண சான்ட்விச், வத்தகப்பழம், ஜெலி. காத்தான்குடி, கல்முனைப் பக்கத்துக் கூட்டாளிமாரின் பிள்ளைகளும் வருவார்கள்; கோழி ஹலாலாக இருக்கவேண்டும், ஜெலட்டின் ஜெலி கூடாது. கடற்பாசியில் செய்த ஜெலி இரண்டு வகையில் உதவும். அது மரக்கறி, மேலும் ஜெலட்டின் உடல் சூட்டிலேயே கரையும்போது, கடற்பாசி ஒருமுறை இறுகினால் 80 பாகைக்கு மேல்தான் இளகும். மீன் வடிவ அச்சில் ஊற்றி, நீலச் சாயம் இட்டு, வாவித் தீமுக்கு அதையே நடுநாயகமாக வைக்கலாம். 2022 மார்ச் இறுதியில் ஒருநாள் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டு, பால்மாவும் எரிவாயுவும் வரிசையில் நின்று வாங்கும் பொருளானபோது, அவலும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உருட்டிய உருண்டைகளைக் கேக் வடிவில் அடுக்கிப் பிறந்தநாள் நடத்தியது இந்தக் கரை. பிள்ளைகள் குறைசொன்னதாகத் தெரியவில்லை.

விளையாட்டைச் சாப்பாட்டுக்கு முன் வைக்கவேண்டும். கேக்கை முதலில் வெட்டிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். சித்திரை வருட விளையாட்டுகள் எல்லாமே எந்தத் தீமுக்கும் வளையும். யானைக்குக் கண் வைப்பது வாவியில் மீனுக்குக் கண்ணாகும், கூத்தில் அரசனுக்கு மீசையாகும். தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் தேசிக்காய்க்குப் பதில் நண்டு பொம்மை. முட்டி உடைத்தலைக் கடைசியில் வைப்பது வழக்கம். முட்டிக்குள் இனிப்பும் பூவும் போட்டு, கட்டிய கண்ணோடு தடியைச் சுழற்றும் பிள்ளைக்குச் சுற்றிவர ஆறடி வெளியை ஒரு பெரியவர் காக்கவேண்டும். மண்முட்டி உடைந்த ஓடு வெறுங்காலைக் கிழிக்கும் என்பதால் கீழே பாய் விரிப்பது கட்டாயம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். அதற்கு மேல் இழுத்தால் அழுகைதான் மிஞ்சும்.

வெற்றிப் பரிசை ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் வழக்கம் வீட்டு விழாவில் சண்டையை வளர்க்கும். எல்லோருக்கும் ஒரே கைப்பரிசு, வென்றவருக்கு அதோடு ஒரு வில்லை. கைப்பரிசுக்குப் பென்சில், மண்ணில் நடக்கூடிய தேசிக்கன்று, தங்களே செய்த முடி எதுவும் நல்லதே. உடைந்துபோகும் பிளாஸ்திக் பொம்மைகளைத் தவிர்க்கலாம்.

ஆறு மணிக்குக் கேக். 1893இல் அமெரிக்காவில் ஹில் சகோதரிகள் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பதிப்பித்த காலை வணக்கப் பாட்டின் மெட்டில் பிறந்தநாள் வாழ்த்து இங்கும் ஒலிக்கும், கைதட்டல் மட்டும் நம்முடையது. முதல் துண்டு யாருக்கு என்பதில் சின்ன இழுபறி நடக்கும். பிள்ளையிடம் கத்தியைக் கொடுத்த பிறகு பெரியவர்கள் ஒதுங்கிநின்றால் அது தானே தீர்மானிக்கும். பெரும்பாலும் அம்மம்மாவுக்குத்தான் போகும். படம் எடுப்பதைக் கேக்குக்கு முன்னால் முடித்திருக்கவேண்டும், இருள் வந்தபின் மின்குமிழ் வெளிச்சத்தில் பதாகை மட்டும் பளபளக்கும், முகம் இருட்டாகும்.

விருந்தினர் போனபின் ஒரு மணித்தியால வேலை மிச்சம் இருக்கும். வளைவை அங்கங்கே குத்தாமல் நூலோடு கழற்றி, காற்றை இறக்கி, துண்டுகளை ஒரு சாக்கில் சேர்க்கவேண்டும். முற்றத்தில் விட்டால் கோழி கொத்தும், ஆடு தின்னும், மழை வந்தால் வாவிக்கே போகும். தூண்டிலும் மட்டைத் தோணியும் பெட்டிக்குள் போகும், அடுத்த வீட்டுக்கு வாடகைக்கு உதவும். நீலத் துணியை மணல் உதறித் தோய்த்துக் காயவைக்கவேண்டும். வைக்கோல் மாட்டுக்கு. வாடகைக் கதிரைகளை எண்ணி அடுக்கி, கால் உடைந்ததை அன்றிரவே வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டு மிச்சக் காசை வாங்குவது நல்லது. மறுநாள் போனால் அது யார் உடைத்த கதிரை என்ற பேச்சு வரும்.